சோடா மூடியும் என் வலது கண்ணும்

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமையானால் மற்ற அப்பாக்கள் ஸ்கூட்டரைத் துடைப்பார்கள். எங்கள் அப்பா துப்பாக்கியைத் துடைப்பார். ஒரு பழைய ஏர்கன். ஆபீசில் கணக்கு எழுதுகிற மனுஷனுக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ, யாருக்கும் தெரியாது. சேலையூரில் சர்ச் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதைத் தோளில் மாட்டுவார். ஈயக்குண்டு டப்பா என் கையில். அம்மா வாசலில் நின்று ஆரம்பிப்பார்.

"இப்பதான் ஜெபம் பண்ணிட்டு வந்தீங்க. அதுக்குள்ள துப்பாக்கியா? அதுவும் பொம்பளப் புள்ளைய இழுத்துக்கிட்டு!"

"தகரத்தைத்தானே சுடறோம்? தகரம் ஒண்ணும் கோவிச்சுக்காது" என்பார் அப்பா.

அது உண்மைதான். உயிருள்ள எதன் பக்கமும் துப்பாக்கியை நீட்டக்கூடாது என்பது அவர் சட்டம். காக்காயைப் பார்த்து விளையாட்டுக்கு நீட்டினால்கூட அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிக்குள் இறங்கி, கரையின் மண்சரிவில் சோடா மூடிகளைக் குத்தி வைப்பார். பிறகு "யாராவது இருக்கீங்களா?" என்று ஏரியே அதிரக் கத்துவார். அங்கே எருமை மேய்க்கும் அண்ணன் ஒருவர்தான் எப்போதும் பதில் சொல்வார். "நான் இங்க ஓரமா கீறேன் சார், நீ சுடு!"

எனக்கு அப்போது ஏழு வயது. துப்பாக்கியின் கனத்தை அப்பா தாங்கிக்கொள்வார். குறி பார்ப்பதும் விசையை இழுப்பதும் என் பாடு. அவர் சுட்டால் மூடி எகிறும். நான் சுட்டால் மண் எகிறும். எருமைக்கார அண்ணன் வேறு, "பாப்பா, கரைய ஒடச்சிடாத, மழைக்குத் தண்ணி நிக்கணும்" என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். துப்பாக்கிதான் கோணல் என்று வீட்டில் வந்து குதித்தேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அம்மா சிரித்தார். அன்று நான் சாப்பிடவே இல்லை.

அடுத்த ஞாயிறும் மண்தான். "எந்த மூடியக் குறி பார்க்கிறம்மா?" என்று கேட்டார் அப்பா.

"மூடி எங்கப்பா தெரியுது? இடது கண்ண மூடச் சொல்றீங்களே!"

"மூடினா என்ன?"

"ஒரு கண்ண மூடினா எல்லாருக்கும் புகையாத்தானே தெரியும்?"

அப்பா துப்பாக்கியைத் தரையில் வைத்தார். என் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தி, அண்ணன் பக்கத்தில் எத்தனை எருமை நிற்கிறது என்று என்னைக் கேட்டார். வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். ஒரு குண்டுகூடச் சுடாமல் வீடு திரும்பினோம்.

வலது கண்ணில் பிறந்ததிலிருந்தே பவர் அதிகம் என்றார் கண் டாக்டர். இன்னொரு கண் நன்றாக இருந்ததால் மூளை இதைச் சட்டை செய்யாமல் விட்டுவிட்டதாம். "இன்னும் சில வருஷம் விட்டிருந்தா கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது. இப்பவும் பார்வை வரும்னு உறுதியாச் சொல்ல முடியாது. முயற்சி பண்ணுவோம்." கண்ணாடி வந்தது. நல்ல கண்ணை மூடித் தினமும் கொஞ்ச நேரம் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னார். அன்றோடு அம்மா துப்பாக்கியைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்.

பிளாஸ்திரியா அது? சனியன்! பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். அப்பா அடிக்கவில்லை, அதட்டவில்லை. "ஒட்டினாத்தான் துப்பாக்கி" என்றார், அவ்வளவுதான். ஆசை யாரை விட்டது? ஒட்டிக்கொண்டேன். மூடிக்குப் பதில் ஓட்டைப் பிளாஸ்டிக் குடம் ஒன்றை வைத்தார். அதுவே நீலப் புகையாகத்தான் தெரிந்தது. குடத்தில் பட்டதும் பெயிண்ட் டப்பா, அதில் பட்டதும் பவுடர் டப்பா. மழையில் ஏரி நிரம்பியபோது மொட்டை மாடியில் மணல் மூட்டை அடுக்கிச் சுட்டோம். மூட்டைக்குக் கோணி தைத்துக் கொடுத்ததே அம்மாதான். தவறவிட்ட ஒவ்வொரு முறையும் "உங்க துப்பாக்கியும் வேணாம், நீங்களும் வேணாம்" என்று அப்பாவிடம் கத்தியிருக்கிறேன். அவர் அடுத்த குண்டைப் போட்டு நீட்டுவார். அந்தப் பொறுமைக்கு இந்த ஜென்மம் முழுக்க நன்றி சொன்னாலும் போதாது. இன்றும் மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் அந்த ஏரியைக் கடக்கும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் போகிறேன்.

மறு கோடையில் திரும்பவும் ஏரிக்குள் இறங்கினோம். அப்பா கரையில் ஒரே ஒரு சோடா மூடியைக் குத்திவிட்டு வந்தார். இடது கண்ணில் பிளாஸ்திரி. வழக்கம்போலக் கத்தினார், அண்ணன் குரல் கொடுத்தார். அப்பா துப்பாக்கியைத் தாங்கினார். வெயிலில் மூடி சின்னப் பொட்டாகத் தெரிந்தது. இழுத்தேன். எகிறியது.

"அட்ச்சிச்சு சார்! பாப்பா அட்ச்சிச்சு!" என்று அண்ணன் துண்டைச் சுழற்றினார்.

அப்பா மூடியை எடுக்கப் போனார். குனிந்து எடுத்து, அதில் விழுந்த நெளிவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"ஏன்பா அழறீங்க?" என்று இங்கிருந்தே கத்தினேன்.

"அங்கேர்ந்தே தெரியுதாம்மா?" என்று கேட்டுவிட்டு, மறைக்காமல் அழுதார்.