டானாவுக்காக வந்த பதினோரு பேர்

இங்கிலாந்தில், இந்தப் பர்மிங்காமில் போலீஸ் வண்டி ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால் தெருவில் ஒரு ஆள்கூட வெளியே வருவதில்லை. ஜன்னல் திரைகள் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். இங்கே வந்து ஒன்பது வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. போன வாரம்கூட எதிர் வீட்டு முன்னால் நீல விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னா விஷயம்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன். "கேட்டா உன்னையும் ஏத்திகினு போவாங்க, ஒக்காரு" என்றாள். எங்கள் ஆரணியில் ஜீப் வேகத்தைக் குறைத்தாலே போதும், நாற்பது பேர் கூடிவிடுவார்கள். அதில் பத்துப் பேர் டிரைவரிடமே விவரம் கேட்பார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பெரிய தொல்லையாகத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

மனைவியின் நர்ஸ் வேலைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். முதலில் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். இப்போது நகரத்தின் நடுவே, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையில் இருக்கும் ஒரு யூத் கிளப்பில் வேலை. பள்ளிக்கூடம் துரத்தியது, வீடு கவனிக்க நேரமில்லாதது, போலீஸுக்குப் பெயர் தெரிந்தது என்று பல ரகப் பிள்ளைகள் வருவார்கள். நேர்முகத் தேர்வில், "இவர்களோடு பழக உங்களுக்கு என்ன தகுதி?" என்று கேட்டார்கள். "இவர்கள் செய்யும் சேட்டையில் நான் செய்யாதது குறைவு" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்து வேலை கொடுத்துவிட்டார்கள். அது சத்தியமான உண்மை.

பதினேழு வயதில் நான் தெருவுக்கே தலைவலி. அப்பா கிடையாது. அம்மா பட்டுக்கடையில் வேலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டில் அடிதடி, கோட்டை மைதானத்தில் சரக்கு என்று திரிந்தேன். எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. சேலைக்கு நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை, அதைப் பாவு என்போம், காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அந்த நேரத்தில் கலெக்டரே வந்தாலும் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நான் இறங்கவில்லை. இரவல் பைக்கில், பந்தயத்தில், நேராகப் பாவுக்குள் விட்டேன். மல்லிகாக்காவின் பாவு அது. எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீடு. இழைகள் அறுந்த சத்தத்தைவிட மல்லிகாக்கா போட்ட சத்தம்தான் பெரிது. பயந்துபோய் முறுக்கிக்கொண்டு ஓடியவன், பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் நின்றிருந்த ஏட்டய்யாவின் மேலேயே கொண்டுபோய் மோதினேன். என் யோகம் அப்படி.

ஸ்டேஷனில் ஜட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒருத்திதான் அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். தெருவே வந்தது. முன்னால் மல்லிகாக்கா.

"சார், இவன் சரியான பேஜாரு புடிச்சவன். என் பாவ அறுத்துட்டான். ரெண்டு சேல நூலு. இவன் கையில கட்ட மொளைக்க" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் என்னைக் கிழித்தார். நான் உள்ளே போவது உறுதி என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், "எங்க தெரு புள்ள சார். வுட்டுடுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் குழம்பிவிட்டார். "இன்னாம்மா இது? பாவு உன்னுதுதானே? கம்ப்ளைன்ட் குடு."

"கம்ப்ளைன்ட் குடுத்தா நீங்க உள்ள வெச்சிடுவீங்க. அறுந்த நூலயெல்லாம் யாரு முடி போடறது? உங்க ஏட்டய்யாவா?"

ஸ்டேஷனே சிரித்தது. பதினாறு நாள் அந்தப் பாவின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக முடி போட்டேன். கண் பூத்துப்போனது. திருந்திவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அதற்கு இன்னும் இரண்டு வருஷம் ஆனது. ஆனால் எனக்காக அத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்களே, அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது டானாவின் கதைக்கு வருகிறேன். பதினாறு வயதுப் பெண். கிளப்பில் இருக்கும் ஓட்டை சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரி. மெக்கானிக் படிப்புக்கு ஒரு காலேஜில் இடமும் வாங்கிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில், சாவியோடு நின்றிருந்த யாருடைய ஸ்கூட்டரையோ எடுத்து ஓட்டி, பஸ் நிறுத்தத்தின் கண்ணாடியை நொறுக்கிவிட்டாள். வழக்கு கோர்ட்டுக்குப் போவதா, பொதுவேலை செய்து ஈடுகட்டி இங்கேயே முடித்துக்கொள்வதா என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட பேனல் ஒன்று கூடும். கோர்ட்டுக்குப் போனால் காலேஜ் இடம் போச்சு. "புதன்கிழமை பத்து மணி. உன் கூட யார் வருவாங்க?" என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஷிஃப்ட். யாரும் இல்ல, நீதான்" என்றாள்.

யாரும் இல்லையா! அன்றைக்கே தெருவில் இறங்கினேன். முடிதிருத்துபவர், துணி வெளுக்கும் கடை அம்மா, போலந்துக்காரரின் மளிகை, சர்ச் பெண்கள், எண்பதாம் நம்பர் பஸ் டிரைவர் என்று ஒருவர் விடாமல் டானாவின் வழக்கைச் சொல்லி, "புதன்கிழமை வந்துவிடுங்கள்" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அழைத்துவிட்டு வந்தேன். ஆரணிக்காரன் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான்.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. "ஒரு பிள்ளையின் வழக்கை யாரிடமெல்லாம் சொன்னீர்கள்?" நான் பெருமையாக விரல் விட்டு எண்ணினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கான்ஃபிடென்ஷியாலிட்டி என்று இங்கே ஒரு விதி, பிள்ளைகளின் விஷயம் எதையும் வெளியே சொல்லக் கூடாது. எனக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்கள். அறிவு அதைப் படித்திருந்தது, கால் ஆரணியில் இருந்தது. எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை கொடுத்தார். அது நியாயம், வாங்கிக்கொண்டேன். டானா பேசியதுதான் தாங்க முடியவில்லை. "நான் உன்ன நம்பினேன். நீ ஊருக்கெல்லாம் சொல்லிட்ட. இனிமே நான் அந்தக் கடைங்களுக்கு எப்படிப் போவேன்?" அழுகையை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் உதவி என்று நினைத்தது அவளுக்கு அவமானமாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. அவள் வீட்டுக் கதவின் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். கதவு திறக்கவில்லை. வரவேண்டாம் என்று எல்லாரிடமும் போய்ச் சொன்னேன். முடிதிருத்துபவர் மட்டும், "புதன்கிழமைக்குக் கடை மூடல்னு போர்டு எழுதிட்டேனே" என்றார்.

புதன்கிழமை மழை. டானா என்னிடம் பேசாமல் முன்னால் நடந்தாள். கட்டிட வாசலில் மழைக்கோட்டோடு பதினோரு பேர் நின்றிருந்தார்கள். வரவேண்டாம் என்று நான் சொல்லியும் வந்தவர்கள். டானா நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துணி வெளுக்கும் அம்மா அவளுடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

பேனல் தலைவி வெளியே எட்டிப் பார்த்து, "இவர்கள் சாட்சிகளா?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"உறவினர்களா?"

"இல்லை."

"பிறகு?"

"வந்திருக்கிறார்கள்."

இதற்கு என்ன செய்வதென்று அவரிடம் விதி இல்லை. "எல்லாரும் வெளியில்..." என்று தொடங்கினார். டானா குறுக்கே பேசினாள். "என் விஷயம் இவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இருக்கட்டும். ப்ளீஸ்." எனக்கு உயிர் வந்தது.

உள்ளே பஸ் டிரைவரைப் பார்த்து, "உங்களுக்கு இந்தப் பெண்ணை எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "மூணு வருஷமா தினமும் திட்டறேன். டிக்கெட் எடுக்கிற பழக்கமே கிடையாது. நாலு நாளா பஸ்ல ஏறல. எனக்குப் பிடிக்கல." உட்கார்ந்துவிட்டார். டானா உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நாற்பது மணி நேரப் பொதுவேலை, பஸ் நிறுத்தங்களைச் சுத்தம் செய்ய வேண்டும், கோர்ட் இல்லை என்று முடிவானது. வெளியே வந்ததும் என் தோளில் ஒரு குத்து விட்டாள். "இன்னொரு தடவ என்னக் கேக்காம சொன்ன, செத்த." சரி என்றேன். இப்போது எதையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இதை எழுதவும் அவளிடம் கேட்டுத்தான், பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் இருந்தபோது ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரிலிருந்து என் தங்கை சுமதி போன் செய்தாள். மூச்சு வாங்கியது. "அண்ணா, நம்ம பிரவீன ஸ்டேஷனுக்குக் கூட்டிகினு பூட்டாங்க. பைக் ரேஸாம். எல்லாரும் போய்கினு இருக்கோம். மல்லிகாக்காகூட வந்துட்டாங்க. மாமன்காரன் நீ இருந்திருந்தா எவ்ளோ தெம்பா இருக்கும்ணா." பிரவீன் அவள் மகன், பிறந்தபோது முதலில் தூக்கியவன் நான். "பாத்துக்கோ" என்றேன்.

போனை வைத்ததும் டானா, சைக்கிள் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன ஆச்சு?" என்றாள். சொன்னேன். சக்கரத்தைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், கோட்டை எடுத்து மாட்டினாள்.

"அப்ப ஏன் இன்னும் இங்க நின்னுட்டு இருக்கோம்? எத்தன பஸ் மாறணும்?"

சிரித்துவிட்டேன். ஆரணி ஸ்டேஷன் வாசலை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். மல்லிகாக்காவை முன்னால் நிறுத்தினேன். சுமதிக்குப் பக்கத்தில் டானாவை, அவளுக்குப் பின்னால் தொப்பியோடு டிரைவரை, மழைக்கோட்டுக்காரர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். என்னைத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.