வியாகுலம்மாளும் இரண்டு டியூப்களும்

வியாகுலம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, காத்திவாக்கம் தெருக்களில் கூடையில் விற்கிறார். அப்பா, கணவர், மருமகன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். அவர் மட்டும் படகில் கால் வைத்ததில்லை. பெண்கள் படகேறுவது அவர் பிறந்த வீட்டில் வழக்கமில்லை. நீச்சலும் தெரியாது.

மருமகன் சாவியோவிடம் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. மீன்பாடு குறைந்ததிலிருந்து அதை நம்பி வீடு ஓடவில்லை. 2024 கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு தனியார் படகுத்துறை அவனைப் படகோட்ட அழைத்தது. படகின் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கும் காற்று டியூபைச் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். அதில் ஏற ஆள் வந்தால் சீசன் முழுக்க வேலை. வராவிட்டால் ஒரே வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். ஒரு டியூபுக்குத்தான் காசு இருந்தது; தப்பானதை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

கல்மண்டபத்தில் படகுச் சாமான் கடை வைத்திருக்கும் ரஹீமுன்னிசா, தெரிந்தவன் என்பதால், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரச் சொல்லி இரண்டு டியூப்களைக் கொடுத்தனுப்பினார். "போட்டுப் பாரு. நனையட்டும், கிழிஞ்சா உன்னுது." ஒன்று தட்டை வட்டம், மேலே குப்புறப் படுத்துப் போக வேண்டும். மற்றது நாற்காலி மாதிரி உள்ளே உட்கார்ந்து போவது. அதன் பின்பக்கம் திறப்பு.

முகத்துவாரக்குப்பக் கரையில் இரண்டுக்கும் காற்றடித்துப் பார்த்தபோது சாவியோவுக்கு வட்டம்தான் பிடித்தது. "வளைச்சா ஆளத் தூக்கி எறியும் மாமா. பசங்க வுட மாட்டானுங்க" என்றான், பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம்.

"வர்றது குடும்பம்" என்றாள் அவன் மனைவி மெர்லின். "பொடவையோட எவ குப்புறப் படுத்துகினு போவா?"

"நீ நீச்சல் தெரிஞ்சவ. பயப்படற ஆளு சொல்லட்டும், ஒத்துக்கறேன்."

இருவரும் ஒரே நேரத்தில், கரையில் காலிக் கூடையோடு நின்ற வியாகுலம்மாளைப் பார்த்தார்கள்.

"இன்னா பாக்கற மாப்ள? படவுல ஏற மாட்டேன்."

"படவு இல்ல அத்தே, டியூபு."

"அதுவும் சரிதான்" என்று லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் தேவை என்று நான் படகில் உட்கார்ந்தேன். நாற்காலி டியூபில் முதல் சுற்றில் "மெதுவா!" என்று கத்தியவர், அடுத்த சுற்றில் கத்தவில்லை. மார்பளவு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் கையைத் தூக்கினார். சாவியோ இஞ்சினை நிறுத்தினான். அவர் தண்ணீரில் குதித்துவிட்டார்.

"இன்னாத்தே, வுழுந்துட்டியா?"

"எறங்கனேன்யா. எறியறதப் பத்தியே பேசிகினு கீற. வுழுந்தவ திரும்பி ஏற வாணாமா?"

பின்பக்கத் திறப்பில் ஒரு பட்டை வளையமாகத் தொங்கியது. அதில் கால் வைத்து, இரண்டாவது முயற்சியில் ஏறிவிட்டார். பிறகு வட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஈரப் புடவையோடு ஒவ்வொரு முறையும் வழுக்கி விழுந்தார். கடைசியில் மெர்லின்தான் தண்ணீரில் இறங்கித் தூக்கிவிட்டாள்.

"பசங்க ஏறிப்பானுங்க. நான்?"

சாவியோ வட்டத்தைக் கரைக்கு இழுத்துக் காற்றைப் பிடுங்கினான்.

அந்த சீசன் முழுக்க அவனுக்கு வேலை இருந்தது. அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். யார் ஏற வந்தாலும் முதலில் பின்பக்கப் பட்டையைக் காட்டிவிட்டுத்தான் ஜாக்கெட் கொடுக்கிறான்.

வியாகுலம்மாள் இன்னமும் மீன் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன் படகுக்குக் கூப்பிட்டால், "டியூபக் கட்டு, வர்றேன்" என்கிறார்.