பக்கத்து சீட்டு பிரேக்

அவளுடைய கால் தூக்கத்திலும் பிரேக் போடும். போர்வைக்குள் விசுக்கென்று நீளும். பாதம் விறைத்து எதையோ அழுத்தும். கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகு தளரும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் உதையை வாங்கிக்கொண்டு, "வண்டி நின்னுடுச்சா? நான் தூங்கலாமா?" என்பார்.

பேருந்தில் போனாலும் இதே கதைதான். குறுக்கே யாராவது வந்தால் இவள் கால் முன் சீட்டுக்கு அடியில் போய் முட்டும். ஒருமுறை நின்றுகொண்டிருந்த ஒருவரின் செருப்பை மிதித்துவிட்டாள். அவர் திரும்பி முறைத்தார்.

"மன்னிச்சிடுங்க. பிரேக் போட்டேன்."

அவர் அவளை விட்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

தெருவில் அவளுக்குப் பெயர் பிரேக் டீச்சர். சொந்தமாக ஒரு கார் வைத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கார் கூரையில் பள்ளி என்று ஒரு போர்டு உண்டு. பள்ளி என்றால் அந்தக் காரும் அவளும்தான். ஓட்டுகிறவரின் காலடியில் மூன்று பெடல்கள். பக்கத்து சீட்டில், அவள் காலடியில், நாலாவதாக ஒன்று. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அங்கிருந்தே வண்டியை நிறுத்திவிடுவாள்.

அவளே ஓட்டக் கற்றது கல்யாணமாகிப் பல வருடங்களுக்குப் பிறகு. சொல்லிக்கொடுத்த ஆள் ஸ்டியரிங் பிடித்த கையில் அடிஸ்கேலால் தட்டுவார். "வண்டி ஓட்டுறியா, தொட்டில் ஆட்டுறியா?" என்று தெருவே கேட்கக் கத்துவார். தான் சொல்லிக்கொடுத்தால் கத்தக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கத்தாமல் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் காலுக்கடியில் ஒரு பிரேக் வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய கல்வித் தத்துவம்.

முதல் வகுப்பை எப்போதும் காலி மைதானத்தில் வைத்துக்கொள்வாள். செருப்பைக் கழற்றச் சொல்வாள். முதல் கியரில் வண்டி நகர்ந்ததும், "இப்ப வேணும்னே ஆக்சிலேட்டரை அமுக்கு" என்பாள்.

"ஐயோ, வேணாம் டீச்சர்."

"அமுக்குன்னா அமுக்கு."

வண்டி சீறும். எதிரே சுற்றுச்சுவர் வரும். ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்தில் வண்டி நின்றிருக்கும்.

"பாத்தியா? நீ என்ன பண்ணினாலும் நான் நிறுத்திடுவேன். இனிமே என்னைப் பாக்காத. ரோட்டைப் பாரு."

மற்ற இடங்களில் திட்டு வாங்கி ஓடிவந்தவர்கள், கணவனிடம் கற்கப் போய்ப் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள், வயது போனவர்கள், எல்லோரும் அவளைத் தேடி வந்தது இதற்காகத்தான். அவளிடம் வந்தவர்கள் எல்லோருமே பயந்தவர்கள்.

இப்படிப்பட்ட வண்டி இடிபடாமல் இருக்காது. கம்பத்தில் உரசும், வாசல் படியில் பம்பர் தட்டும். அதற்கெல்லாம் அவள் இன்சூரன்ஸ் கேட்டதே இல்லை. டின்கர் கடையில் கைக்காசைக் கொடுத்துத் தட்டி நிமிர்த்திக்கொள்வாள். கேட்காதவர்களுக்கு வருடத்துக்கு வருடம் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடியைச் சீட்டுப் பணம் போலச் சேர்த்துப் பாதுகாத்து வந்தாள். கதவில் ஒரு பள்ளம் விழுந்தால், கணவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிய வேண்டாத பள்ளம்" என்பார்.

போன வருடம் அந்தத் தள்ளுபடி போயிற்று. பிரேக் கால் முட்டியில் வலி இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தவன் வங்கியில் வேலை பார்க்கும் பையன், டெஸ்ட்டுக்குத் தயாராகிவிட்டவன். நன்றாகத்தான் ஓட்டுகிறானே என்று காலைத் தூக்கி சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவன் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தான். நின்றிருந்த டெலிவரி வேனின் கதவு உள்ளே போனது. இவள் காரின் பானெட் கூடாரம் போல நிமிர்ந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அது டின்கர் சுத்தியலில் அடங்குகிற இடி இல்லை. முதல்முறையாக கிளெய்ம் எழுதிக் கொடுத்தாள். வேன்காரருக்கும் சேர்த்துப் பணம் வந்தது. அப்போது இன்சூரன்ஸ்காரர்களை நினைத்து நெகிழ்ந்துகூடப் போனாள்.

இந்த வருடம் புதுப்பிக்கும் நாள் நெருங்கியதும் தம்பியிடம் போனாள். அவன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒரு ஜெராக்ஸ் கடையின் மூலையில் மேஜை போட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருக்கா. முதல்ல தண்ணி குடி."

"தண்ணி குடிக்கச் சொல்றப்பவே தெரியுது. சொல்லுடா."

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"இது ரெண்டு வருஷத்துக்கா?"

"ஒரு வருஷத்துக்குத்தான்."

"வண்டிக்கு வயசாக வயசாக மதிப்பு குறையும்னு நீதானேடா சொன்ன? அப்ப இதுவும் குறையணும்ல?"

"வண்டிக்குத்தான்கா மதிப்பு குறையுது. இடிபடுறவனுக்குக் குடுக்கிற பணம் ஏறிக்கிட்டே போகுது."

"இடிச்சது அந்த பேங்க்குக்காரப் பையன். அவன் தலையில ஏத்துங்க."

"பாலிசி உன் பேர்ல இருக்கு. அவன் லைசென்ஸ் வாங்கிட்டுப் போயிட்டான்."

"ஆமா. போன வாரம் பாத்தேன். புதுக் கார். கையக் காட்டினான்."

மற்ற கம்பெனிகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டதாகத் தம்பி சொன்னான். கற்றுக்கொடுக்கிற வண்டி, அதிலும் கிளெய்ம் வாங்கிய வண்டி என்றதும் ஒரு கம்பெனி இதைவிட அதிகம் கேட்டது. இன்னொன்று வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. கட்டணத்தை ஏற்றலாமா என்று அவளும் யோசித்துப் பார்த்திருந்தாள். பெரிய ரோட்டில் புதிதாக ஒரு பள்ளி வந்திருக்கிறது. ஏசி அறை, ஓட்டிப் பழகத் திரை வைத்த இயந்திரம், வரிசையாகப் புதுக் கார்கள். அவர்கள் வாங்குவதே இவளைவிடக் குறைவு. ஏற்றினால் இருக்கிற நாலு பேரும் அங்கே போவார்கள்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி இருக்கு. போர்டைக் கழட்டிடு. அந்த எக்ஸ்ட்ரா பிரேக்கையும் கழட்டிடு. சொந்த உபயோகம்னு போட்டுடலாம். பாதிதான் வரும்."

"பிரேக்கை எதுக்குக் கழட்டணும்?"

"உள்ள போட்டோ எடுத்து அனுப்பணும்கா. அது தெரிஞ்சா முடிஞ்சுது."

"அப்புறம் நான் எப்படிச் சொல்லிக்குடுக்கிறது?"

"வாயால சொல்லிக்குடு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பொண்டாட்டிக்குச் சொல்லிக்குடுக்கிறாங்க."

"யாராவது அடிபட்டா?"

அவன் மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடினான். "படாமப் பாத்துக்க."

கணவர் பழைய லிஃப்ட் ஆப்பரேட்டர். மாடிக் கட்டடம் ஒன்றில் காலம் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்களை ஏற்றி இறக்கியவர். தானியங்கி லிஃப்ட் வந்ததும் அதே கட்டடத்தின் வாகன நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்க இறக்கிவிட்டார்கள். அவர் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போகும். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது ஏற மட்டும் தெரிஞ்ச லிஃப்டா இருக்கே" என்றார்.

"சிரிக்கிற நேரமா இது?"

"நான் எங்க சிரிச்சேன்?"

"கழட்டிடவா?"

அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டார். "கழட்டினா இந்தக் காலுக்காவது ஓய்வு" என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

மெக்கானிக் சீட்டுக்கடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டு வேலை செய்தார். போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து முறுக்கினார். கம்பியும் பெடலும் தனியாக வந்தன. பெடலின் ரப்பர் அவள் பாதத்தின் வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றி அவளிடம் கொடுத்தார். தரையிலிருந்த ஓட்டையில் தகரத் துண்டு வைத்து அடைத்து, மேலே மிதியடியைப் போட்டார்.

"பல்லுப் புடுங்கின மாதிரி. கொஞ்ச நாளைக்கு நாக்கு அங்கயே போகும் டீச்சர்."

தம்பி வந்து நாலு பக்கமும் உள்ளேயும் படமெடுத்தான். அன்றைக்கே பாலிசி வந்துவிட்டது. உபயோகம் என்ற இடத்தில் சொந்தம் என்றிருந்தது. போர்டைப் பரணில் போட்டாள். செய்தித்தாள் பொட்டலத்தையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

அப்போது கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நர்ஸ். வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் எடுப்பார்கள். ஊசி போடும்போது நடுங்காத கை ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும். மைதானத்தில் சுவர் வரைக்கும் சீறி நின்ற அன்று, இறங்கி ஓரமாகப் போய் அழுதுவிட்டு வந்தவள்.

அடுத்த வகுப்புக்கு வந்ததும் கூரையைப் பார்த்தாள். "போர்டு எங்க டீச்சர்?"

"பெயிண்ட் அடிக்கக் குடுத்திருக்கு."

பிரேக்கைக் கழற்றியதை வகுப்பு முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். முதலில் சொன்னால் அவள் வண்டியிலேயே ஏறமாட்டாள். நர்ஸ் செருப்பைக் கழற்றினாள். கிளட்சை மெதுவாக விட்டாள். வண்டி குலுங்காமல் கிளம்பியது. இரண்டாம் கியர், மூன்றாம் கியர். பெட்ரோல் பங்க் திருப்பத்தை அழகாக எடுத்தாள். டீச்சர் இருபுறமும் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், கையை ஹேண்ட் பிரேக் பக்கத்திலேயே வைத்திருந்தாள். முதுகு வியர்த்து ரவிக்கை ஒட்டியது.

மருந்துக்கடைச் சந்திலிருந்து தண்ணீர்க் கேன் ஏற்றிய தள்ளுவண்டி வெளியே வந்தது. தள்ளுகிற ஆள் கேன்களுக்குப் பின்னால் குனிந்திருந்தார். அவருக்குக் கார் தெரியவில்லை. டீச்சரின் கால் பாய்ந்து தரையை அழுத்தியது. தரை அமுங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். தகரம் மட்டும் டப்பென்று சத்தம் போட்டது. ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்திலிருந்த கையை அவள் மறந்தே போனாள்.

வண்டி நின்றது. தள்ளுவண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கார் விளக்குக்கும் அவர் இடுப்புக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம். "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

நர்ஸ் மூச்சை விட்டாள். "நல்லவேளை, நீங்க பிடிச்சீங்க டீச்சர்."

"நான் பிடிக்கல. நீதான் பிடிச்ச."

"சும்மா சொல்லாதீங்க. என் கால் அசையவே இல்ல."

"குனிஞ்சு பாரு. உன் கால் எங்க இருக்கு?"

நர்ஸ் குனிந்தாள். தன் கால் பிரேக் மேல் வெளுத்துப்போய் இருப்பதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் டீச்சர் தன் காலடி மிதியடியைத் தூக்கிக் காட்டிவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை.

"எங்க டீச்சர் அது?"

"கழட்டியாச்சு. இன்சூரன்ஸுக்காக."

"எப்ப?"

"நீ போன தடவை வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்."

நர்ஸின் கைகள் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி மடியில் விழுந்தன. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் திரும்பவில்லை.

"ஆக்சிஜன் இல்லாத சிலிண்டரை மாட்டிட்டு, இருக்குன்னு நாங்க சொல்ல மாட்டோம் டீச்சர்."

"நீயாத்தான்மா நிறுத்தின. அது நிஜம்."

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன். கண்ணை மூடியிருப்பேன்."

அவளால் அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. இருவரும் இறங்கி இடம் மாறிக்கொண்டார்கள். டீச்சர் ஓட்டிக்கொண்டுபோய் அவளை வீட்டில் விட்டாள். மீதி வகுப்புகளுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நர்ஸ் வேண்டாமென்று சொல்லவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்து, காரில் விட்டுவிட்ட செருப்பை எடுத்துக்கொண்டாள்.

மற்ற மூவருக்கும் டீச்சரே போன் செய்தாள். பெரிய ரோட்டுப் பள்ளியின் பெயரைச் சொன்னாள். "அங்க கத்துவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்றாள்.

தம்பிக்கு ஆத்திரம். "உன்னை யாரு காட்டச் சொன்னா? அவளாதானே நிறுத்தினா?"

"பழையபடி மாத்த முடியுமாடா?"

"மாத்தலாம். அந்த மொத்தத்தையும் கட்டணும். இந்த பிரேக் கதையைக் கேட்டாங்கன்னா அதுக்குமேலயும் கேப்பாங்க."

பெரிய ரோட்டுப் பள்ளியில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள் என்று போய்ப் பார்த்தாள். முட்டியை மடக்கி உட்காரும்போது முகம் சுளித்ததை அங்கிருந்த பெண் கவனித்துவிட்டாள். சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள்.

விற்பதற்காகக் கார் வாசலில் நின்றது. வாங்க வருகிறவர்கள் கற்றுக்கொடுத்த வண்டி என்றதும் கிளட்சைப் பற்றிக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "சொந்த உபயோகம்னு எழுதியிருக்குல்ல? ஒரு நாளாவது உபயோகிப்போம். வா, எங்கயாவது போலாம்."

"எங்க?"

"வெளிய வந்தா தெரியும்."

அவள் முன்னால் போனாள். அவர் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தபோது, அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் யாருமில்லை.

அவர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அப்ப நான்தான் ஓட்டணுமா?"

அவள் அப்போதுதான் கவனித்தாள். எழுந்திருக்கவில்லை.

அவருக்கு ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். ஸ்டூலில் உட்கார்வதுபோல, முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முட்டியின் மேல் வைத்துக்கொண்டார்.

"எந்த மாடிம்மா?" என்று கேட்டார்.

அவள் சிரிக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிதியடிக்குக் கீழே தகரம் டப்பென்றது.