உண்டு என்று நான் சொன்னது

தெலுங்கு எனக்குத் தெரியும் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொண்டாப்பூரில் ஒரே அறையில் நாங்கள் இரண்டு பேர் தங்கியிருந்தோம். ஒரே அலுவலகம், ஒரே டீம். அவன் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நான் இரண்டு வருஷத்துப் பழைய ஆள். ஆட்டோக்காரரிடம் மல்லுக்கட்டுவது, தண்ணீர் வரவில்லை என்று வீட்டு ஓனரிடம் சண்டை போடுவது எல்லாம் என் இலாகா. "தமிழ் வார்த்தையோட ஒரு 'லு' சேத்துக்கோ, அவ்வளவுதான் தெலுங்கு" என்று அவனுக்குப் பாடம் வேறு எடுத்தேன். பாவி, அதை நம்பினான்.

மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், விகாராபாத் பக்கம் மலை பார்க்கலாம் என்று ஆளுக்கொரு பைக்கில் கிளம்பினோம். ஒரு கிராமத்துக்கு முன்னால் ஓடையின் குறுக்கே தரைப்பாலம். தண்ணீர் பாலத்தின் மேலேறிச் சேறும் சகதியுமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி, "உண்டு! உண்டு!" என்று கத்தினார். முன்னால் நின்ற அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன சொல்லுதாரு?" என்றான். "வழி உண்டாம், போ" என்றேன். போனான். பாதிப் பாலத்தில் வண்டி வழுக்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் அவனை எடுத்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் பேகம்பேட் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். மூன்று வயதுக் குழந்தை ஒன்று ரோட்டைப் பார்த்து ஓடியது. அதன் அம்மா பதறிப்போய், "உண்டு ரா! உண்டு!" என்று கத்தினாள். குழந்தை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "பொறு, நில்" என்றார். மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மீட்டிங்கில் கால் ஆடும், சாப்பிடும்போது பாதியில் எழுந்துவிடுவேன். வெறி பிடித்தவன் மாதிரி தெலுங்கு எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. போலீசிடமும் அவன் அப்பாவிடமும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவன் முன்னாடி போயிட்டான், நான் பின்னாடி வந்தேன்." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அதுதான் கேவலம்.

ஒரு வருஷம் முடிகிற சமயத்தில் அவன் அப்பா போன் செய்தார். அந்தக் கிராமத்துக்காரர்கள் பாலத்தருகே அவனுக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்களாம், ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது வாய்? செகந்திராபாத் ஸ்டேஷனில் போய்க் கூட்டிவந்து, வாடகைக் காரில் ஏற்றினேன்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நானே பேசினேன். புதிதாக வருகிற மேம்பாலம், எகிறிப்போன வாடகை, வழியெல்லாம் கிடக்கிற பாறைகள் என்று வாய் ஓயவே இல்லை. பேச்சை நிறுத்தினால் அவர் கேட்டுவிடுவார் என்று பயம். தண்ணீர் குடிக்க நிறுத்தினேன், கேட்டுவிட்டார்.

"தம்பி, நேராவே கேக்கேன். ரெண்டு பேரும் குடிச்சிருந்தியளா?"

"ஐயோ, இல்லப்பா. சத்தியமா இல்ல."

"ஊர்ல அப்படித்தான் பேசிக்கிடுதாவ. அவன் அம்மையும் அதத்தான் நம்புதா. ஆத்துல முட்டளவு தண்ணிக்கு மேல இறங்கமாட்டான் அந்தப் பய. பெறகு எப்படிப் போனான்?"

"தெரியலப்பா" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் முழுப் பொய் அது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் நம்பும்படியாகச் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது.

கல் என்று சொன்னது இடுப்பளவு உயரமான ஒரு சிமெண்ட் தூண். சுண்ணாம்பு அடித்து, நீலப் பெயிண்டில் தெலுங்கில் எழுதியிருந்தார்கள். மழை இன்னும் தொடங்காததால் ஓடையில் தண்ணீரே இல்லை, சின்னப் பிள்ளைகள்கூடத் தாண்டிப் போய்விடலாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணில் மாலையைப் போட்டார். எழுத்தைத் தடவிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கு?" என்றார். மேலே அவன் பெயர், கீழே 'தண்ணீர் வரும்போது தாண்டாதீர்கள்' என்று இருந்தது. படித்துச் சொன்னேன். "எம் பிள்ளை பேரு இப்படி ஒரு எச்சரிக்கைப் பலகைக்குத்தான் ஆச்சு" என்று சொல்லி அழுதார்.

கார் நின்றதைப் பார்த்து, அந்த ஆட்டுக்காரப் பெரியவரே ஓடையிலிருந்து மேலே ஏறி வந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பெரியவர், அவன் அப்பாவைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"நேனு அரிசின பாபு. உண்டு உண்டு அனி அரிசின. வினலே."

நான் கத்தினேன், பொறு பொறு என்று கத்தினேன், அவன் கேட்கவில்லை என்கிறார். ஆனால் அப்பாவின் தமிழ்க் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். சட்டென்று நிமிர்ந்தார்.

"உண்டுன்னா சொன்னாரு இந்த ஆளு? வழி உண்டுன்னு சொல்லி எம் பிள்ளையத் தண்ணிக்குள்ள இறக்கிவிட்டது நீருதானா வே?"

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிட்ட கையோடு என்னைப் பார்த்தார். அப்பா அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவே பேச்சுத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வாயை மூடிக்கொண்டு நின்றேன். மறைக்க முடியாது, அப்படி நின்றேன். பழி அந்த மனுஷர் மேல் விழுந்து அதோடு போய்விடும், இவர் நாளைக்கே ஊருக்கு ரயிலேறிவிடுவார் என்று புத்தி கணக்குப் போட்டது. பெரியவர் துண்டை விடுவிக்கக்கூட முயலாமல் நின்றார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"அவரை விடுங்கப்பா. தெலுங்குல உண்டுன்னா நில்லுன்னு அர்த்தம். அவர் நில்லுன்னுதான் கத்தினார். உங்க பையன் என்கிட்ட கேட்டான். நான்தான் வழி உண்டாம், போன்னு சொன்னேன்."

அப்பா துண்டை விட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தூணின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"கேட்டானா?"

"கேட்டான்."

"வண்டிய நிறுத்திட்டுக் கேட்டானா?"

"ஆமாப்பா. நிறுத்திட்டுத்தான் கேட்டான்."

முதலில் பெரியவரிடம் போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தமிழில் ஏதேதோ சொன்னார், நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு என்னிடம் வந்தார். "ஒரு வருஷமா அவன் அம்மை அவனத் திட்டித் திட்டி அழுதுக்கிட்டிருக்கா. உம்மேல எனக்கு என்ன வருதுன்னு இப்பச் சொல்லத் தெரியல. போனக் கொடு."

என் போனை வாங்கி, வீட்டு எண்ணை அழுத்தி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"போய்ச் சேந்துட்டியளா?" என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"அம்மா, நான் அவன் ரூம்மேட் பேசறேன். அன்னைக்கு அவன் குடிக்கல. வண்டிய நிறுத்தி, வழி இருக்கான்னு என்கிட்ட கேட்டான். எனக்குத் தெலுங்கு தப்பாப் புரிஞ்சது. நான்தான் போன்னு சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"போன வச்சிராத" என்றார். "எங்க நாத்தனாரு இங்கனதான் இருக்கா, எதுத்த வீட்டுக்காரியையும் கூப்பிடுதேன். எம் பிள்ளை குடிச்சிட்டு விழுந்தான்னு பேசுனவ காதுலயெல்லாம் விழட்டும். இப்பச் சொன்னத அப்படியே சொல்லு."

ஒவ்வொருவராக வந்து போனை வாங்கினார்கள். நான் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன்.