தேறிய முகம்

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் என் முகம் உப்பியது. செங்கல்பட்டில் எங்கள் தெருவே அதைக் கொண்டாடியது.

"இன்னாபா, வூட்டுச் சாப்பாடு ஒட்டுது போல!" என்றார் இஸ்திரிக்காரர்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருங்குடல் முழுக்கப் புண், அடங்கும், கிளம்பும், முழுசாகப் போகாது என்று டாக்டர் சொன்னபோது என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள்தான். என் கன்னம் உருண்டதும் அதையெல்லாம் மறந்துவிட்டாள்.

அப்போது நான் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னி. வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. நட்டு முடுக்கும் இடத்தில் கை வீணாகச் சுற்றுகிறது, ட்ரேயை இடப்பக்கம் வையுங்கள் என்று வந்த புதிதிலேயே சொன்னேன். வைத்தார்கள். லைன் வேகமாக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி நிரந்தரம் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் லைனில் ஒரு சட்டம் உண்டு. ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்கும்வரை நகரக் கூடாது. தலைக்கு மேல் இருக்கும் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரிலீவர் டீ குடித்துவிட்டு நிதானமாக வருவார். என் குடலுக்கு அந்த நிதானம் தெரியாது. அதனால் ஷிஃப்ட்டுக்கு முன்னால் சாப்பிடுவதை விட்டேன். கம்பெனி பஸ்ஸில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பையில் எப்போதும் மாற்று பேன்ட். ரத்தமும் சளியும் போவதற்குச் சோறு வேண்டியதில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன்காரர்களோடு மாமல்லபுரம் போனேன். அவர்கள் கடற்கரையில் வறுத்த மீன் வாங்கினார்கள். நான் கட்டணக் கழிப்பறை கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த மூஞ்சிக்குப் பத்தியமா மச்சான்? பூசணிக்கா பட்டினி கெடக்குதாம்!" என்றான் ஒருவன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டே விட்டேன். "சார், எனக்குக் குடல்ல நோய். லைன்லயே இருக்கேன், கடைசி செக்கிங் டேபிளுக்கு மட்டும் மாத்திவிடுங்க. பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு, ரிலீவருக்கும் காத்திருக்க வேணாம்."

"இன்னா நோயி? கண்ணாடியில மூஞ்ச பாத்தியா? வந்தப்ப ஒட்டடக்குச்சி மாரி இருந்தே. இப்ப மாப்ள கணக்கா கீற."

"மாத்திரையால வீங்கினது சார்."

"அந்த மாத்திர பேர எனுக்கும் சொல்லு. என் மச்சான் எலும்புந்தோலுமா கீறான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நிரந்தரம் செய்தார்கள். "ஆளு தேறிட்டான்" என்று சூப்பர்வைசரே மேலே சொன்னாராம். லைனின் நட்டநடுவில், கழிப்பறைக்கு ஆகத் தொலைவான இடத்தில், நிறுத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயும் நின்றேன்.

கொஞ்சம் கொஞ்சமாகப் புண் ஆறத் தொடங்கியது. ரத்தம் நின்றது. டாக்டர் மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். முகம் வடிந்தது, கன்ன எலும்பு தெரிந்தது. மாதக்கணக்கில் சாப்பிடப் பயந்து கிடந்த எனக்கு இட்லி ருசித்தது. ஷிஃப்ட் முழுக்க ஒரு தடவைகூட விளக்கைப் போடாமல் வேலை பார்த்தேன்.

அப்போதுதான் சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நீ சொன்னப்ப நா நம்பல, தப்புதான். இன்னா இப்டி எளச்சிட்டே? லைன்லாம் வோணாம்பா உனுக்கு. ஸ்டோர்ல குந்து."

"இப்பதான் சார் சரியாயிருக்கு. நம்புங்க."

"மூஞ்சே சொல்லுதே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். லைன் ஓடும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. பிள்ளைக்கு உட்கார்ந்த வேலை கொடுத்த அந்த மனுஷன் நல்லா இருக்கணும் என்று அம்மா தினமும் சாமிக்கு விளக்கேற்றுகிறாள்.