தொண்ணூறு நாள் பூட்டு

றோஸ்மலருக்கு வட்டி பெரிதில்லை என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள். வால்தம்ஸ்டோ சந்தையில் சனிக்கிழமை பின்னேரம் கடைக்காரர்கள் மிச்ச மரக்கறியை அள்ளிவைத்து, கோப்பை ஒரு பவுண் என்று கூவத் தொடங்கும்வரை, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கக்கூடியவள் அவள். அப்படிப்பட்டவள் 2009ஆம் ஆண்டு ஆனி மாதம் என் வீட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, கூட வட்டி தருகிற சேமிப்புக் கணக்கைத் தள்ளிவிட்டுக் குறைய வட்டி தருகிற கணக்கொன்றைத் தெரிந்தெடுத்தாள். அன்றைக்கு எனக்கு அது விசர்வேலையாகத்தான் பட்டது.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். பாசையூர் ஆள். கலியாணம் முடித்து ஜேர்மனிக்குப் போய், அங்கே பதினாலு வருசம் இருந்து, பிறகு மகள் இங்கிலிசில் படிக்கவேண்டுமென்று லண்டனுக்கு வந்தவர்கள். மனிசன் மரியநாயகம் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. றோஸ்மலர் ஒரு லோண்ட்றியின் பின்பக்கத்தில், நீராவிக்கும் ஹாங்கர்களுக்கும் நடுவில் மெஷினைப் போட்டு, காற்சட்டைக் கால் மடிப்பாள், சிப் மாற்றுவாள், கோட்டு இடுப்பைப் பிடிப்பாள். வருகிறதில் பாதி லோண்ட்றி முதலாளிக்கு. பின்னேரம் வீட்டில் சாறி பிளவுஸ் தைப்பாள்.

அவளிடம் ஒரு குணம் இருக்கிறது. பொய் சொல்லமாட்டாள். பிளவுஸ் தைத்து முடியவில்லை என்றால் முடியவில்லை என்றுதான் சொல்லுவாள். கரண்ட் போனது, ஊசி முறிந்தது என்ற கதையெல்லாம் வராது. பக்தியில் வந்த குணமோ என்று ஒருநாள் கேட்டேன். இல்லையாம். சொன்ன பொய்யை ஞாபகம் வைத்திருக்கவேண்டும், தனக்கு ஊராரின்ரை இடுப்பளவுகளை ஞாபகம் வைத்திருக்கவே மண்டையில் இடமில்லை என்றாள்.

அவளுக்கு ஒரு கடை வேண்டும். எந்தக் கடையானாலும் சரி என்றில்லை. ஸ்ரேசனுக்குக் கிட்ட, சப்பாத்துத் தைத்து, பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டிக் கொடுக்கிற ஒடுங்கிய கடை. அன்ட்ரேயாஸ் என்ற சைப்பிரஸ்காரருடையது. அவர் தன் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கூரை போட்டதும் போய்விடுவேன், லீஸை உன்ரை பேருக்கு மாற்றித் தருகிறேன், ஆனால் அன்றைக்குக் காசு முழுக்கக் கையில் வரவேண்டும், இல்லையென்றால் ரெலிபோன் கடைக்காரன் ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருந்தார். றோஸ்மலர் விலை பேசவில்லை. எவ்வளவு நாளைக்கு முதல் எனக்குச் சொல்லுவீர்கள் என்று மட்டும் கேட்டாள். மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுவதாக அவர் கை கொடுத்தார்.

கடைக்குரிய காசு அவளிடம் இருந்தது, சீட்டில். வெம்பிளியில் கனகவல்லி என்று ஒருவர் வருசக்கணக்காகச் சீட்டுப் பிடித்து வந்தார். மாதாமாதம் எல்லாரும் கட்ட, ஒருவர் எடுக்க, றோஸ்மலர் எப்போதும் கடைசியில் எடுக்கிறவள். அந்த வருசம் கனகவல்லி மகனோடு இருக்கக் கனடா போக வெளிக்கிட்டார். ஒரு சதமும் பிசகாமல் எல்லாருக்கும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதுதான் றோஸ்மலருக்குக் கரைச்சலாகப் போனது. காசு முழுவதும் ஒரேயடியாகக் கைக்கு வந்தது. சீட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர். யாருக்கு எவ்வளவு வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

காசு வந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே என்னிடம் வந்தாள். கழுத்தில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கொன்று திறக்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் திறக்கவேண்டும் என்றாள்.

அந்த நேரம் வட்டி விழுந்து கிடந்தது. எங்கள் தெருமுனை வங்கிகளில் போட்டால் ஒன்றும் வராது. இணையத்தில் மட்டும் நடத்துகிற கணக்குகள்தான் ஏதோ கொடுத்தன. அவற்றை நிரைப்படுத்திக் காட்டுகிற பக்கத்தை எடுத்து வைத்தேன். முதலாவதாக நின்றது மூன்று வீதத்துக்குக் கொஞ்சம் மேலே. முதல் வருசத்துக்கு மேலதிக வட்டியும் உண்டு. நல்லது என்றேன். அவள் வீதத்தைப் பார்க்கவேயில்லை. காசை எப்போது எடுக்கலாம் என்று கேட்டாள். நினைத்த நேரம் எடுக்கலாம், அன்றைக்கே வரும் என்று சொன்னேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அடுத்ததும் கிட்டத்தட்ட அதே வீதம், ஆனால் ஒரு வருசத்துக்குத் தொடமுடியாது. அதுவும் வேண்டாம். இப்படியே கீழே கீழே போய், நிரையின் நடுவில் ஒன்றில் விரலை வைத்தாள். எடுக்கிறதென்றால் தொண்ணூறு நாளுக்கு முன்னதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டிய கணக்கு. முதலாவதைவிட அரை வீதம் குறைவு.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னாள். வங்கி விழுந்தால் என்ன நடக்கும் என்று கேட்டாள். முந்தின வருசம் வெளிநாட்டு வங்கியொன்று இணையத்தில் போட்டவர்களின் காசோடு மூடிக்கொண்டதை நாங்கள் எல்லாரும் செய்தியில் பார்த்திருந்தோம். ஐம்பதாயிரம்வரை உத்தரவாதம் இருக்கிறது என்ற வரியைக் காட்டினேன். அதில் திருப்திப்பட்டாள். பிறகு, வட்டியை விட்டுக்கொடுத்தாலும் இடையில் எடுக்கமுடியாதோ என்றாள். முடியாது என்றேன். அவள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

"ஏன் றோஸ், இது குறையவெல்லே தருது?"

"ஓமக்கா. எனக்கு முதல் பூட்டு வேணும். வட்டி பிறகு."

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கைமாத்துக்கு எழுத்தில்லை, வட்டியில்லை, தவணையில்லை. கையில் இருக்கிறவர் இல்லை என்று சொல்லக்கூடாது என்ற ஒரேயொரு சட்டம்தான். சீட்டில் கிடக்கிற காசு மட்டும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். "சீட்டிலை கிடக்கு" என்றால் கேட்டவருக்கும் மரியாதை, சொன்னவருக்கும் மரியாதை. வேறு ஆட்கள் என்றால் காசை எங்காவது போட்டுவிட்டு, இல்லை, முடிந்துபோச்சு என்று சொல்லியிருப்பார்கள். றோஸ்மலருக்கு அது வராது. அவள் சொல்லுகிறது உண்மையாக இருக்கவேண்டுமென்றால் காசு உண்மையாகவே பூட்டுப்பட்டுக் கிடக்கவேண்டும். அதுவும் அன்ட்ரேயாஸ் தருகிற மூன்று மாதத்துக்குச் சரியாகத் திறபடுகிற பூட்டு. ஆளின் தோளுக்குத் துணி வெட்டுகிறமாதிரிக் கணக்கை வெட்டி எடுத்திருந்தாள்.

ஊருக்கு அனுப்புகிற காசு வேறு. அந்த வருசம் யுத்தம் முடிந்து முகாமில் கிடந்த தங்கச்சி குடும்பத்துக்கு அவள் மாதாமாதம் சம்பளத்திலிருந்து அனுப்பினாள். அதை ஒருவரும் கேட்கவில்லை, அவளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இது கடைக்காசு.

கணக்கைத் தன் பேரில் மட்டும் திறந்து, பாங்கில் போட்டிருந்த சீட்டுக்காசை அதற்கு மாற்றிவிட்டாள். மரியநாயகத்துக்கு அன்றிரவே சொல்லியும்விட்டாள். மனிசன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பிறகு அவருக்கே பாரம் குறைந்தமாதிரி இருந்ததாம். கேட்டால் கொடுத்துவிடுகிற ஆள் அவர். தமையன் கேட்டால் கேட்டு முடிக்கமுதலே கொடுத்துவிடுகிற ஆள்.

அந்தத் தமையன் அருளப்பு, றோஸ்மலருக்குப் பெரியத்தான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். இதை எனக்குச் சொன்னது மரியநாயகம்தான். அருளப்பு கடைகளுக்கு அரிசியும் தூள்வகையும் இறக்குகிறவர். வியாபாரம் நன்றாக நடக்கிறது, சாமான் ஏற்ற இரண்டாவது வான் எடுக்கவேண்டும், சீட்டு முடிந்ததாமே, ஆறு மாதத்துக்கு ஒரு கைமாத்துத் தந்தால் உதவி என்றார். மரியநாயகம் பெண்சாதியைப் பார்த்தார். அவள் காசு பாங்கில் கிடக்கிறது என்றும், தொண்ணூறு நாள் முன்னதாகச் சொன்னால்தான் தருவார்கள் என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

அருளப்பு ஒரு மாம்பழத் துண்டை எடுத்துச் சாப்பிட்டு முடித்தார்.

"அதுக்கென்ன பிள்ளை. நாளைக்கே நோட்டீஸைக் குடு. வான் வரவும் மூண்டு மாசம் செல்லும். நான் பொறுப்பன்."

பூட்டை உடை என்று அவர் கேட்கவில்லை. திறக்கும்வரை வாசலில் இருக்கிறேன் என்றார். அதற்கு எந்த வங்கியின் நிபந்தனையிலும் மறுமொழி இல்லை. மரியநாயகம் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார். சரி அண்ணை என்ற சொல் தன் நாக்கு நுனியில் நின்றதாகப் பிறகு ஒத்துக்கொண்டார். வழமையாகப் பெரியத்தானுக்கு முன்னால் குசினி வாசலில் நின்றே கதைக்கிற றோஸ்மலர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு நேரே இருந்தாள்.

"மூண்டு மாசத்துக்குப் பிறகும் அந்தக் காசு இல்லை பெரியத்தான். அது கடைக்கு."

சொந்தத்துக்குள் கடைக்கதையை முதன்முதலாகக் கேட்டவர் அவர்தான். எந்தக் கடை, எந்த இடம், யாருடைய லீஸ் என்று எல்லாம் விசாரித்தார். திறப்பு வெட்டுகிற கடையில் நீ எதை வெட்டப்போகிறாய் என்று ஒரு பகிடியும் விட்டார். துணி என்றாள். அவர் சிரித்தார், ஆனால் எழும்பவில்லை.

"ஜேர்மனியிலை உங்களிட்டை வாங்கின காசை நான் திருப்பித் தரேல்லையோ?"

"தந்தனீங்கள். ஒரு சதமும் குறையாமல் தந்தனீங்கள். நீங்கள் தந்து முடிக்கேக்கை, நான் பாத்து வைச்ச கடையிலை ஐஸ்கிறீம் வித்துக்கொண்டு இருந்தாங்கள்."

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை என்று மரியநாயகம் இரண்டுதரம் சொன்னார். மழை பெய்தது என்கிறமாதிரிச் சொன்னாளாம். ஜேர்மனியில் அவள் தையல்கடை பார்த்து வைத்திருந்தது மரியநாயகத்துக்குத் தெரியும். தமையனுக்குத் தெரியாது. அவர் காசு கேட்டபோது ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அருளப்பு கையைக் கழுவிக்கொண்டு போனார். தேத்தண்ணி குடிக்கவில்லை. அதற்குப் பிறகு கோடை முழுக்க ஒரு ரெலிபோனும் இல்லை. ஆவணியில் மோர்டனில் ஒரு கலியாணவீடு. அங்கே அவர் வேறு மேசையில் போய் இருந்தார். மரியநாயகத்துக்கு அந்த மேசையிலேயே கண். றோஸ்மலருக்கும் சுகமாக இருந்திருக்காது. ஆனால் அவள் அருளப்புவின் பெண்சாதிக்கு ஒப்புக்கொண்ட பிளவுஸை, அந்தக் கலியாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே, கொக்கி எல்லாம் தைத்து அனுப்பியிருந்தாள். கோபித்தும் காட்டவில்லை, குழைந்தும் போகவில்லை. போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவோமா என்று மனிசன் கேட்டபோது, தாங்கள் சண்டை பிடிக்கவில்லையே என்றாளாம். எனக்கு அந்த இடத்தில் அவளைப்போல இருக்க வராது. நானென்றால் முதல் கிழமையே ஒரு சட்டி ஒடியல்கூழோடு போய் நின்றிருப்பேன், நோட்டீஸையும் கொடுத்திருப்பேன்.

புரட்டாசி தொடங்க முதல் அன்ட்ரேயாஸ் கூரை போட்டுவிட்டார். நத்தார் பண்டிகைக்கு முதல் போகிறேன் என்று சொன்ன அன்று பின்னேரமே றோஸ்மலர் என் வாசலில் நின்றாள். "நோட்டீஸ் குடுக்கவேணும் அக்கா" என்றாள். கொடுத்தோம். அதற்கிடையில் அவள் கணக்கின் வட்டியை வங்கி இன்னும் கொஞ்சம் குறைத்திருந்தது. நான் முதலில் காட்டிய கணக்கு அப்படியே நின்றது. வாய் சும்மா இராமல் அதையும் சொன்னேன். வித்தியாசம் எவ்வளவு வரும் என்று கேட்டாள். கணக்குப் பார்த்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு நல்ல கத்தரிக்கோலும் ஒரு பெட்டி நூலும் வாங்கலாம் என்றாள்.

"அது பூட்டின்ரை விலை அக்கா. பூட்டும் சும்மா தரமாட்டாங்கள்தானே."

மார்கழியில் சொன்ன நாளில் காசு வந்தது. கடைத் திறப்பை அன்ட்ரேயாஸ் தன் கையாலேயே இரண்டு வெட்டிக் கொடுத்தார், அவளுக்கு ஒன்று, மரியநாயகத்துக்கு ஒன்று. வெட்டுமேசையை எப்படிக் கொண்டுபோவது என்று தெருவில் நின்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அருளப்புவின் பழைய வான் வந்து நின்றது. யார் சொன்னார்களோ தெரியாது. மரியநாயகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அருளப்பு இறங்கி, மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். கடைவாசலின் அகலம் போதாமல் மேசையின் காலைக் கழற்றவேண்டி வந்தபோதுதான் வாயைத் திறந்தார். வாசலை அளக்காமல் மேசை செய்தவன் எவன் என்று தம்பியை ஏசினார். மேசை செய்தது தம்பிதான்.

கடை திறந்த கிழமை நான் ஒரு சிப் மாற்றப் போயிருந்தேன். அருளப்பு ஒரு கறுப்புக் காற்சட்டையோடு உள்ளே வந்தார். இடுப்பை இரண்டு அங்குலம் விடவேண்டுமாம், அடுத்த நாள் ஒரு விருந்தாம். எவ்வளவு என்று கேட்டார். அவள் சுவரில் தொங்கிய விலைப்பலகையைக் காட்டினாள்.

"எனக்குமோ?"

"உங்களுக்கும்தான் பெரியத்தான்."

அவர் பலகையை ஆறுதலாக வாசித்துவிட்டுக் காசை எடுத்து மேசையில் வைத்தார். காலமை வரட்டோ என்றார். வியாழக்கிழமை வாங்கோ என்றாள்.

"இவளுக்கும் நோட்டீஸ் குடுக்கவேணுமாக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அருளப்பு. விருந்துக்கு வேறு காற்சட்டை பார்க்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு, அவள் எழுதிக் கிழித்த ரசீதுத் துண்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார்.

றோஸ்மலர் ரசீதின் மற்றப் பாதியைக் காற்சட்டையின் இடுப்பில் குத்தி, உடுப்புக் கொழுவுகிற தடியின் கடைசியில் மாட்டினாள். அவருடையதுக்கு முன்னால் அதில் ஏற்கெனவே ஏழெட்டு உடுப்புகள் தொங்கின.