பவுடர் டப்பாவில் இலைச்சுருட்டி

ஐந்தாவதோடு படிப்பு முடிந்தவன் நான். இன்று திருப்பூரில் என் பனியன் கம்பெனியில் பட்டம் வாங்கியவர்கள் நாலு பேர் என்னிடம் கேட்டுத்தான் எதையும் செய்கிறார்கள். போன வாரம் செக்கிங் மேசையில், வெள்ளைத் துணிமேல் ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. புதிதாக வாங்கிய கேமரா செல்போனில் அதைப் படமெடுத்த பெண், "பட்டாம்பூச்சிங்களா மொதலாளி?" என்றாள். வெளிர் மஞ்சள் இறக்கை, அதில் பழுப்பு நிறத்தில் நெளிநெளியாய்க் கோடுகள்.

"பருத்தி இலைச்சுருட்டி, அம்மிணி," என்றேன். பார்த்த மாத்திரத்தில் அதைச் சொல்ல இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

கற்றுக்கொண்டது மடத்துக்குளத்துப் பக்கம், எங்கள் பருத்திக் காட்டில். நான் ஐந்தாவது படித்த வருடம் செடிகளிலெல்லாம் இலைகள் குழலாகச் சுருண்டன. பூச்சி அடங்கும்வரை பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அப்பா என்னைக் காட்டில் விட்டார். சுருண்ட இலையைக் கிள்ளி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வாளியில் போட வேண்டும். பள்ளி மணி காற்றில் கேட்கும். பேச்சுக்கு ஒரு ஆள் கிடையாது. அதனால் ஒரு சுருளை மட்டும் பவுடர் டப்பாவில் வைத்துக்கொண்டேன். உள்ளே கறுத்த தலையோடு பச்சைப் புழு. தினமும் புது இலை வைத்து, அதனிடம் வாய்ப்பாடு ஒப்பிப்பேன். அது கூட்டுப்புழுவாகி, ஒரு காலையில் இறக்கையோடு நின்றது.

அன்றைக்கே விவசாய ஆபீசர் வந்தார். பேன்ட் அழுக்காகும் என்று வரப்பிலேயே நின்றுகொண்டார்.

"காய்ப்புழுங்க. மருந்தடிச்சுப்போட்டா, பையனைத் திங்கக்கெழமை பள்ளிக்கோடம் உட்டர்லாமுங்க," என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா, இது வேற!" என்று டப்பாவோடு ஓடினேன்.

ஆபீசர் திறந்து பார்த்தார். "அட, இலைச்சுருட்டி! மருந்தே வேண்டாங்க, கையில கிள்ளுனாப் போதும். ஏண்டா, என் வேலைக்கே உலை வெச்சுருவியாட்ட இருக்குதே!"

பூச்சி பறந்துபோனது. அப்பா என் தலையைத் தடவினார். "அப்ப இவனே போதுமுங்க."

அவர் என்னைத் தொட்டுப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். திங்கட்கிழமை மணி அடித்தபோது நான் வாளியோடு காட்டில் நின்றேன். அடுத்த திங்களும் அப்படியே. செடி பிடுங்கிய பிறகும் பள்ளிக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை. அந்த டப்பாவை நான் மறைத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது தோன்றவே இல்லை. ஆபீசரையே ஜெயித்துவிட்டேன் என்ற பெருமையில், காலி டப்பாவிடம் உரக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன்.